கதவின் கண்ணில் வைத்த பொட்டு

டிசைன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார் உங்கள் மேனேஜர். "கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் மேடம்" என்றார். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பஸ் கதவின் கதை. படித்து முடித்ததும் உங்களுக்கு எரிச்சல் வந்தால் சந்தோஷம். எனக்கு வந்தது இன்னும் போகவில்லை.

நான் தொம்மலூர்க்காரி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். ஓசூர் ரோட்டுப் பக்கம் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் சேர்ந்து, கதவுப் பிரிவிலேயே தலை நரைத்தவள். எஞ்சின் பார்த்தவர்களுக்கு மரியாதை இருந்தது. ஏசி பார்த்தவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் கிடைத்தது. கதவு பார்த்தவளுக்கு, "மேடம், மழைத்தண்ணி உள்ள வருது" என்று போன் மட்டும் வரும்.

நான் சொல்லப்போகும் மாடலில் நீங்கள் எல்லாருமே ஏறியிருப்பீர்கள். தரை தாழ்ந்த, தானாகத் திறந்து மூடும் கதவு வைத்த எங்கள் முதல் சிட்டி பஸ் அதுதான். அதற்கு முன்னால் நாங்கள் கட்டிய பஸ்களிலும் கதவு இருந்தது. ஆனால் அதை மடக்கிக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டுத்தான் ஓட்டினார்கள்.

அந்தக் கதவை என்னிடம் கொடுத்தவர் எங்கள் சீஃப் இன்ஜினியர். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். என் அப்பாவிடம் காட்டாத பயபக்தியை அவரிடம் காட்டியிருக்கிறேன். வேலையை ஒப்படைத்த அன்று சாயங்காலமே என்னை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போகும் பழைய பஸ் ஒன்றில் ஏற்றினார். உட்கார விடவில்லை. படியிலேயே நிற்கச் சொன்னார். ஒரு கை கம்பியில், ஒரு கால் படியில், பாதி உடம்பு ரோட்டில். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டர் "ரைட், ரைட்" என்று கத்தினதும் பஸ் கிளம்பிவிடும். ஏறுகிறவன் ஏறினானா, இறங்குகிறவள் இறங்கினாளா என்று யாரும் பார்க்கவில்லை. இறங்கியதும் சீஃப் கேட்டார்:

"பயந்தியா?"

"செத்தே போயிட்டேன் சார்."

"நல்லது. அந்த பயத்தை வெச்சுக்கிட்டு வரை. கதவு மூடாம நம்ம வண்டி ஒரு அடி நகரக் கூடாது. கண்டக்டர் ரைட் சொன்னாலும் சரி, கடவுளே வந்து சொன்னாலும் சரி."

அப்படித்தான் வரைந்தேன். கதவு முழுசாக மூடினால்தான் ஆக்ஸிலரேட்டர் வேலை செய்யும். மூடும்போது குறுக்கே யாராவது நின்றால் கதவு தானே திறந்துகொள்ளும். ஆள் நிற்பது அதற்கு எப்படித் தெரியும்? வாசலின் இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் அளவில் கறுப்புக் கண்ணாடிக் கண் ஒன்று. ஒன்றை இன்னொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மறைத்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். டெஸ்ட் டிராக்கில் என் துப்பட்டாவின் நுனியை நீட்டினால்கூடக் கதவு மரியாதையாக விலகிக்கொள்ளும். சீஃப் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் "இவ கதவு, என் பேரைக் காப்பாத்தும்" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் வண்டியைக் கொடியசைத்து அனுப்ப மந்திரி வந்தார். ஃபேக்டரி வாசலில் பந்தல், வாழைக்கன்று, பேண்டு வாத்தியம். ராகுகாலத்துக்கு முன்னால் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்று எங்கள் பிளாண்ட் ஹெட் காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தார். ஷாப் ஃப்ளோர் ஆட்கள் பூஜை போட்டார்கள். நம் ஊரில் வண்டிக்குப் பூஜை என்றால் சும்மாவா? ஆயுத பூஜைக்கு லேத் மெஷினைக்கூட விடாதவர்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று.

மந்திரி பச்சைக் கொடியைத் தூக்கினார். பேண்டு முழங்கியது. டிரைவர் பட்டனை அழுத்தினார். நடுக் கதவு பாதி மூடியது, திரும்பத் திறந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி பாதி, மறுபடி திறப்பு. வாசலில் ஈ காக்கை இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி கம்மென்று நிற்கிறது. மந்திரி தூக்கிய கையை இறக்கவும் முடியாமல், ஆட்டவும் முடியாமல் போட்டோக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது, மானம் போகுது!" என்று பிளாண்ட் ஹெட் பல்லைக் கடித்தார். நான் கதவை நோக்கி ஓடினேன். டிரைவர் பக்கம் சீஃப் ஓடினார். நான் வாசலில் குனிந்து பார்த்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான், கண் மாதிரி இருக்கிறதே என்று, என் கறுப்புக் கண்ணாடிக்கும் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார். கதவுக்குக் கண் மறைத்துவிட்டது, வாசலில் ஆள் நிற்கிறார் என்று நினைத்துப் பாவம் அது வழி விட்டுக்கொண்டே இருந்தது.

"சார், பொட்டு! பொட்டுதான் சார்! துடைச்சா போதும்!" என்று கத்தினேன். பேண்டு சத்தத்தில் யார் காதில் விழும்? நான் துப்பட்டாவால் துடைக்கக் கையைக் கொண்டுபோவதற்குள் வண்டி என் தோளை உரசிக்கொண்டு நகர்ந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த மூடியைக் கழற்றி, கதவு மூடாமலே வண்டி நகரும்படி இரண்டு வயரை ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தார் சீஃப். நடுக் கதவு ஆவென்று திறந்திருக்க, எங்கள் பாதுகாப்பான பஸ் கைதட்டலோடு வாசலைத் தாண்டியது. மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவிலும் கதவு திறந்தேதான் இருந்தது. ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. நெருக்கடியில் எல்லாரும் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நீங்கள் கோளாறு எங்கே என்று பாருங்கள். ஒரு நிமிஷம் மந்திரியைக் காக்க வைத்திருந்தால் குடி ஒன்றும் முழுகியிருக்காது.

ஆனால் அந்த வேளையில் சீஃப் செய்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வெறும் ஃபேக்டரி வாசல், பஸ்ஸில் பயணிகள் கிடையாது. என் வயிற்றெரிச்சல் அடுத்த நாள் மீட்டிங்கில் தொடங்கியது. பொட்டுக் கதையைச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிளாண்ட் ஹெட்டும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "ஒரு பொட்டு பஸ்ஸை நிறுத்துதுன்னா, நாளைக்கு ஒரு சொட்டு சேறு நிறுத்தும். நடு ரோட்டுல, சில்க் போர்டு சிக்னல்ல நின்னா நம்ம பேர் நாறிடும். அந்த ரெண்டு வயருக்கு நடுவுல ஒரு ஸ்விட்ச் வைங்க" என்றார்.

"சார், கண்ணுக்கு மேல ஒரு சின்ன மூடி வெச்சாப் போதும். சேறும் படாது, பொட்டும் வைக்க முடியாது" என்றேன்.

"அதையும் வைங்க, இதையும் வைங்க."

நான் சீஃபைப் பார்த்தேன். கடவுளே வந்தாலும் என்று சொன்னவர் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "டெம்ப்ரரிதாம்மா. முதல் பேட்ச் செட்டில் ஆகட்டும், எடுத்துடலாம்" என்றார். அந்த ஸ்விட்ச்சை அவர் கையாலேயே வரைந்தார். மூடி மறந்துபோனது. ஸ்விட்ச் மட்டும் வந்தது.

டெம்ப்ரரி என்ற சொல்லை உங்கள் வேலைக்காலத்தில் ஆயிரம் தடவை கேட்பீர்கள். சொன்னவரிடம் எப்போது எடுப்பீர்கள் என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் கேளுங்கள். கேட்டால் உங்களைப் பிடிக்காது. பரவாயில்லை. பிடித்தவர்கள் எல்லாம் எனக்கு என்ன செய்து கிழித்தார்கள்?

டெப்போக்களுக்கு வண்டி போனது. காலை நேரத்தில் வைட்ஃபீல்ட் போகும் கூட்டம் எப்படியென்று உங்களுக்கே தெரியும். படியில் நாலு பேர் நிற்பார்கள், கதவு மூடப் பார்த்துத் திறந்துகொள்ளும், வண்டி நகராது. பின்னால் ஹாரன். உள்ளே வசவு. "நிம்ம பாகிலு சரி இல்ல", உங்கள் கதவு சரியில்லை என்று டெப்போவிலிருந்து புகார் மேல் புகார். கதவு மிகச் சரியாக இருந்தது. படியில் ஆளை ஏற்றாதே என்றுதான் அது சொன்னது. யாருக்கு அதைக் கேட்கப் பொறுமை? புதுவண்டிகளை டெப்போ எடுத்துக்கொள்ள மறுத்தது. மேலிருந்து வாய்வழியாக ஓர் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியும் எங்கள் ஃபேக்டரியிலேயே அந்த ஸ்விட்ச்சை ஆன் செய்து, டிரைவர் தலைக்கு மேலிருக்கும் மூடியைத் திருகி மூடி, வெளியே போனது. உள்ளே அப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பது ஓட்டுகிற டிரைவருக்குத் தெரியாது. கதவு திறந்திருந்தாலும் ஓடும் பஸ் என்றுதான் அவருக்குத் தெரியும். புகார் நின்றது. சீஃபுக்குப் பதவி உயர்வு. நான் மாசாமாசம் "எப்ப சார் எடுக்கறோம்?" என்று கேட்டு அவரைத் துளைத்தேன். "விடேம்மா" என்று தொடங்கியவர் பிறகு என்னைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

நான் பயந்தது நடந்தது. ஹெப்பகோடிப் பக்கம் கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த ஒரு பெண் வேலைக்குப் போக நடுக் கதவில் ஏறினாள். கூட்டம். கதவு மூடவில்லை. கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார், வண்டி நகர்ந்தது. அவள் கை நழுவியது. உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

டிரைவர் பெயர் முனியப்பா. அத்திப்பள்ளிப் பக்கத்து ஆள், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவரை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள், போலீஸ் கேஸும் போட்டார்கள். வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஸ்விட்ச் ஆனில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உடனே எல்லாருக்கும் வசதியான ஒரு கதை கிடைத்துவிட்டது: ரிப்பேர் வேலைக்காகக் கொடுத்த ஸ்விட்ச்சை டிரைவர் கள்ளத்தனமாகப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார். அது உறுதியானால் அவருக்கு வேலை போகும், வேண்டுமென்றே செய்தார் என்று ஜெயிலுக்கும் போவார். அவர் வீட்டில் சம்பளம் என்று வருவது அவர் ஒருவருக்குத்தான்.

விசாரணைக் கமிட்டி முன்னால் கதவைப் பற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை கேண்டீனில் சீஃப் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். காபி வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒண்ணும் பெருசா கேக்க மாட்டாங்க. ஸ்விட்ச் பத்திக் கேட்டா, 'ஸ்விட்ச் ஹாக்கிதீவி'ன்னு கன்னடத்துல சொல்லிட்டு உக்காந்துடு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தமிழில் ஸ்விட்ச் போட்டிருக்கோம் என்றால் பொருத்தியிருக்கோம் என்றும் அர்த்தம், ஆன் பண்ணியிருக்கோம் என்றும் அர்த்தம். கன்னடத்தில் 'ஹாக்கிதீவி'யும் அச்சு அசல் அப்படித்தான்.

"பொருத்தியிருக்கோம்னு அவங்க எடுத்துப்பாங்க. ஆன் பண்ணியிருக்கோம்னு நீ மனசுல வெச்சுக்கோ. பொய்யும் இல்ல, பாவமும் இல்ல" என்றார்.

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த அத்தனை மரியாதையும் அந்த டேபிளில் ஆறிப்போனது. கதவைப் பற்றி ஒரு சொல் தப்பாக எழுதினால் டிராயிங்கைக் கிழித்துப் போட்டவர். சொல் சுத்தமாக இருக்கணும், படிக்கிறவன் ரெண்டு விதமா எடுத்துக்கக் கூடாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர். அந்த வித்தையை அப்படியே தலைகீழாகத் திருப்பி என் வாயில் வைக்கப் பார்த்தார்.

"அந்த டிரைவர் என்ன ஆவார் சார்?"

"நாம என்ன பண்ண முடியும்? நம்ம கம்பெனியில எத்தனை குடும்பம் இருக்கு, யோசி."

"படியில என்னை நிக்க வெச்சீங்களே, அன்னிக்கு நான் விழுந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பீங்களா?"

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

கமிட்டி ரூமில் ஒரு பக்கம் போக்குவரத்து அதிகாரிகள், ஒரு பக்கம் எங்கள் ஆட்கள். கடைசியில் ஒரு நாற்காலியின் நுனியில் முனியப்பா. ஸ்விட்ச் பற்றிய பேச்சு வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"சாமி, நான் ஒண்ணு கேக்கட்டா? எல்லாரும் ஸ்விட்ச்சு ஸ்விட்ச்சுன்றீங்க. ஆணையாச் சொல்றேன், அது எங்க இருக்குன்னே எனக்கு கொத்தில்ல, தெரியவே தெரியாது. யாராச்சும் காமிங்க."

ஓர் அதிகாரி சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. என்னிடம் கேட்டார்கள். சீஃப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, ரெண்டு விதமாக எடுத்துக்கொள்ள முடியாதபடி சொன்னேன்: "ஃபேக்டரிலே ஆன் மாடே களிஸ்தீவி. எல்லா வண்டினூ." ஃபேக்டரியிலேயே ஆன் பண்ணித்தான் அனுப்புகிறோம், எல்லா வண்டியையும். பிறகு முனியப்பா பக்கம் திரும்பி, "உங்க தலைக்கு மேல, கறுப்பு மூடிக்குள்ள இருக்குங்க. நீங்க தொட்டிருக்க முடியாது, ரெண்டு ஸ்க்ரூ கழட்டணும்" என்று தமிழிலும் சொன்னேன். அந்த ரூமில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

முனியப்பா மேல் இருந்த அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. போலீஸ் கேஸ் இழுத்தடித்து அபராதத்தோடு முடிந்தது. கதவின் கண்ணைத் துடைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இவர்கள் செய்தது கண்துடைப்பு: படியில் நிற்காதீர்கள் என்று கன்னடத்தில் ஒரு ஸ்டிக்கர், எல்லா வண்டியிலும். ஸ்விட்ச் இருந்த இடத்தில் இருந்தது, ஆனில் இருந்தது. கால் போன பெண்ணைப் பற்றி எங்கள் கம்பெனியில் பிறகு யாரும் பேசி நான் கேட்கவில்லை. நான் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் தடவை அவள் அம்மா, "வராதீங்கம்மா, உங்களப் பாத்தா அவ அன்னிக்குப் பூரா பேச மாட்டேங்கறா" என்றார்.

என்னைக் கதவிலிருந்து எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக் எழுதப் போட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை நட்டுக்கும் வாஷருக்கும் பெயர் எழுதினேன். சீஃபுக்குப் பிரிவு உபசாரத்தில் ஆளுயர மாலை. பேசினவர்கள் எல்லாரும் அவரைப் பாதுகாப்பான சிட்டி பஸ்ஸின் தந்தை என்றார்கள். நான் கைதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கிள்ளினாள், அப்போதும் தட்டவில்லை.

உங்கள் புது எலெக்ட்ரிக் வண்டியில் அது ஸ்விட்ச்சாக இல்லை, திரையில் ஒரு மெனுவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நன்றாக முன்னேறியிருக்கிறோம்.

போன வருஷம் முனியப்பாவிடமிருந்து போன் வந்தது. என் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்.

"மேடம், வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

தூக்கிவாரிப் போட்டது. "மறுபடி ஆக்ஸிடெண்டா?"

"அய்யோ, இல்ல மேடம். நீங்க அன்னிக்கு எடத்தைக் காமிச்சீங்க இல்ல? அதிலிருந்து எந்த வண்டி கொடுத்தாலும் முதல்ல மூடியக் கழட்டி அந்த ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிடுவேன். அப்புறந்தான் எடுப்பேன். கதவு மூடாம வண்டி நகராது. படியில நிக்கறவங்க எறங்கற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பேன். என்ன திட்டு, என்ன திட்டு! எங்கம்மா வரைக்கும் இழுத்தாங்க. கண்டக்டருங்க என்கூட டூட்டி வேணான்னுட்டாங்க. தினமும் லேட்டு. மெமோ மேல மெமோ. கடைசில லேட்டா ஓட்டறான்னு எடுத்துட்டாங்க."

நாங்கள் வரைந்த பஸ்ஸை வரைந்தபடி இந்த ஊரில் ஓட்டியவர் இவர் ஒருவர்தான்.

"ஏன் முனியப்பா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நான் வந்து சொல்லியிருப்பேனே."

"சொல்லி? அன்னிக்கே சொன்னீங்க, உங்களுக்கு என்ன பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன். விடுங்க மேடம். அந்தப் பொண்ணு விழுந்தப்போ ஒரு சத்தம் வந்துச்சு, அத மறுபடி கேக்க என்னால ஆகாது."

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்கூல் வேன் ஓட்டறேன். பழைய வண்டி. கதவுப் பூட்டு கெட்டுப்போயி கயிறு போட்டுக் கட்டிவெச்சிருக்காங்க. ஓனரக் கேட்டா அடுத்த மாசம்ன்றான். ஒவ்வொரு வீட்டுலயும் கொழந்த ஏறினதும் நானே எறங்கிப் போயி, இழுத்துக் கட்டிப் பாத்துட்டு அப்புறந்தான் எடுக்கறேன்" என்றார். போனை வைக்கும் முன், "இங்கயும் லேட்டுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க மேடம்" என்றார்.